தலைவலிக்கு எத்தனை மார்க்?

இமயமலை ஏறத் தயாராவது பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் மாடிப்படியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும் என்பதால், முதுகுப்பையோடு நான் ஏறி இறங்குவது முதலில் யார் கண்ணையும் உறுத்தவில்லை. பையில் தண்ணீர் பாட்டில்கள். மொட்டை மாடிக்குப் போனதும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குவேன். இறங்கும்போதுதான் முட்டி அதிகம் அடிவாங்கும் என்று படித்திருந்தேன். சில மாதம் கழித்துத் தண்ணீரை ஊற்றாமலேயே இறங்கிப் பழகினேன். மலையில் இறங்கும் வழி முழுக்கத் தொடைதான் பிரேக் போட வேண்டும், அதற்கும் பயிற்சி வேண்டுமே. செடிகள் வாடின.

2023 மே மாதம் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார், தமிழ்நாட்டிலிருந்து அங்கே போன முதல் பெண் என்று செய்தி வந்தது. வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அவர் என்னைவிட இளையவர், எனக்கு அப்போது நாற்பத்து நாலு. எவரெஸ்ட்டுக்கு ஆசைப்படும் அளவுக்குப் பைத்தியம் இல்லை. ஆனால் ஆறாயிரம் மீட்டர் என்ற எண் மனதில் ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் முதல்முறை ஆறாயிரத்தைத் தாண்ட நினைப்பவர்கள் முன்பெல்லாம் லடாக்கின் ஸ்டோக் காங்ரிக்குத்தான் போவார்கள், உயரம் 6,153 மீட்டர். கூட்டம் தாங்காமல், கீழே இருக்கும் ஊரின் தண்ணீரே கெடுகிறது என்று 2020-லிருந்து அதை மூடிவிட்டார்கள். அதன்பிறகு பலரும் காங் யாட்சே இரண்டுக்குத் திரும்பினார்கள். மார்க்கா பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிற்கும் பனிமலை, சுமார் 6,250 மீட்டர். நானும் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

பயணத்தை நடத்துபவர்கள் மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் தெருக்கோடி டாக்டரம்மாவிடம் போனேன். வழக்கமான ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 9-சொச்சம் என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"மாடி ஏறினா மூச்சு வாங்கலையா?" என்றார்.

"வாங்கும். ஆனா ஒண்ணுமில்ல டாக்டர்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மூச்சு வாங்கும், மத்தியானம் கண் சொருகும், தலை லேசாகச் சுற்றும். இவையெல்லாம் வயசு, வேலை, வெயில் என்று எத்தனையோ வருஷமாக நான் கணக்கு எழுதி வைத்திருந்தேன். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தனை பேரும் மாடி ஏறிக்கொண்டும் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டும்தானே இருக்கிறார்கள்! யாருக்கும் ஒன்றுமில்லை.

இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் விழுங்கினேன். சாப்பிட்ட உடனே காபி, டீ கூடாது, இரும்பு உடம்பில் சேராது என்றார். மாடிப்படியைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. 12-ஐத் தாண்டிய பிறகு ஒருநாள் கவனித்தேன், எட்டாவது மாடியில் நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கவே இல்லை. பயிற்சியால் வந்தது எவ்வளவு, மாத்திரையால் வந்தது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. மலைக்குப் போக நினைக்கும் பெண்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், ஷூ வாங்குவதற்கு முன்னால் ரத்தம் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து காற்று. இதற்குச் சென்னையில் மருந்தே கிடையாது. கடற்கரையிலும் ஆறாயிரம் மீட்டரிலும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு ஒன்றுதான், சுமார் 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். 5,500 மீட்டர் வாக்கில் அது கடல்மட்டத்து அழுத்தத்தில் பாதியாகிவிடும். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்ஸிஜன். தமிழ்நாட்டின் ஆக உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். விமானத்தில் போய் இறங்கித் தங்கும் லே நகரமே சுமார் 3,500. ஊட்டியில் போய் ஓடிவிட்டு வந்தால் போதும் என்று சொன்ன நண்பர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டினேன். முகத்தில் மாட்டிக்கொண்டு ஓடும் 'உயரப் பயிற்சி' முகமூடி ஒன்று விற்கிறார்கள். அது மூச்சை இழுக்கவிடாமல் தடுக்குமே தவிர, காற்றின் அழுத்தத்தை என்ன செய்ய முடியும்? வாங்கவில்லை.

உடம்பு தானாகப் பழகும், ஆனால் அதன் வேகத்தில்தான் பழகும். முதலில் மூச்சு வேகமாகும். அதனால் ரத்தத்தில் ஏறும் காரத்தன்மையைச் சிறுநீரகம் சில நாளில் வெளியேற்றும். புதிய சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒரு நாள் நிற்க வேண்டும் என்கிறார்கள். இதில் தசை வலுவுக்கு வேலையே இல்லை. 1962 போரையொட்டிச் சமவெளியிலிருந்து ராணுவ வீரர்களை விமானத்தில் ஏற்றி நேரே உயரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். நோய்வாய்ப்பட்டவர்களில் 1,925 பேரை ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சகாக்களும் ஆராய்ந்து 1969-இல் எழுதிய கட்டுரையை உலகெங்கும் மலை மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த வீரர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், உடற்பயிற்சியில் குறைவே இல்லாதவர்கள். அவர்களையே தலைவலியும் வாந்தியும் படுக்க வைத்தன.

இந்த நோயை அளப்பதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது. கனடாவில் லேக் லூயிஸ் என்ற ஊரில் 1991-இல் கூடிய மருத்துவர்கள் வகுத்தது, 2018-இல் திருத்தினார்கள். கேள்விகள் நான்கே: தலைவலி, வயிற்றுக் குமட்டல், அசதி, தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். தலைவலியோடு சேர்த்து மொத்தம் 3 வந்தால் மலைநோய் என்று கணக்கு. அந்த அட்டவணையை வாசித்த அன்றுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான்குக்கும் பதில் சொல்ல வேண்டியது நானே. மருத்துவர் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஒரு எண்ணைக் காட்டும். விரல் குளிர்ந்திருந்தால் அது ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். மற்றபடி என் உயிர், என் வாயிலிருந்து வரும் பதிலை நம்பி இருக்கிறது. அந்த வாயோ பிரசவ வார்டிலிருந்தே "ஒண்ணுமில்ல" சொல்லிப் பழகிய வாய்.

அதனால் வீட்டிலேயே பயிற்சி எடுப்பது என்று முடிவு செய்தேன். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மார்க் சொல்வேன். முட்டி, முதுகு, மூச்சு, தலை. கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு தாளில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினாள். வீடு இரண்டுபட்டது. இத்தனை வருஷமாக முனகாத பெண்பிள்ளை திடீரென்று தினமும் ஒரு வலியை அறிவித்தால் வேறென்ன ஆகும்? "எதுக்குடி இந்த மலை, உடம்பே இவ்ளோ கெட்டுக் கிடக்கே" என்று மாமியார் கண்கலங்கினார். கணவர் தினமும் தாளைப் பார்த்துவிட்டு, "நேத்து முதுகு ஒண்ணு, இன்னிக்கு ரெண்டு, இதுல லாபமா நஷ்டமா?" என்பார்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் உள்ள எண்களில் பாதி பொய். இரண்டு என்று நினைத்துக்கொண்டு ஒன்று என்பேன். சொன்னால் சமையலை யாராவது எடுத்துச் செய்வார்கள், அப்புறம் அது எனக்குக் கடனாக நிற்கும் என்று ஒரு எண்ணம். வேறொன்றும் உண்டு. வலியைச் சொல்லாதவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அதைக் கழற்றி வைக்க மனசு வரவில்லை. வாரக்கணக்கில் பழகிய பிறகுதான் மனதில் வந்த எண்ணும் வாயில் வந்த எண்ணும் ஒன்றாயின. அதுவும் எல்லா நாளும் இல்லை.

உடம்புப் பயிற்சியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வாரத்தில் பல நாள் படி, ஞாயிறு விடிகாலையில் பரங்கிமலை. மூச்சு இரைக்காமல் பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகத்தில் நீண்ட நேரம் நடப்பதுதான் அடிப்படை. வேகம் அதற்கப்புறம். படியில் நின்று நின்று ஏறும் நடையைப் பழகினேன். ஒரு அடி வைத்ததும் பின்காலின் முட்டியை நேராக்கிப் பூட்டி, எடை முழுவதையும் எலும்பின்மேல் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த அடி. தசைக்கு அந்த ஒரு மூச்சு நேரம் ஓய்வு கிடைக்கும். பரங்கிமலையில் வேண்டுதலுக்கு வந்திருந்த ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி, "முடியலைன்னா உக்காந்துட்டு வாம்மா" என்றார். பரங்கிமலை சுமார் 300 அடி. காங் யாட்சேயின் அடிவார முகாமிலிருந்து உச்சிவரை ஒரே இரவில் ஏற வேண்டியது சுமார் 1,100 மீட்டர், அதாவது ஒரு டஜன் பரங்கிமலை.

சாமான்களில் பருத்தி எதுவும் கூடாது. வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சென்னையில் பருத்தியைத் தவிர வேறெதையும் சருமத்தில் படவிடாதவளுக்கு இது ஒரு மதமாற்றம். உள்ளே தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் பனியும் புகாத உறை. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை எரித்துவிடும் என்பதால் அதற்கென்று உள்ள அடர்கறுப்புக் கண்ணாடி. பூட்ஸின் அடியில் மாட்டும் பற்களுள்ள கிராம்பான், ஐஸ் ஆக்ஸ், ஹார்னஸ், ஹெல்மெட், இரட்டை பூட்ஸ் எல்லாம் லேயில் வாடகைக்குக் கிடைக்கும். ஒரே ஒரு முறைக்காக வாங்குவது வீண்.

இதை எழுதத் தயங்கினேன், ஆனால் யாரும் எழுதாததால் எழுதுகிறேன். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே குளிரும் கூடாரத்திலிருந்து பெண்கள் சிறுநீர் கழிக்க வெளியே போவது பெரிய வேலை. அதைத் தவிர்க்கத்தான் பலர் தண்ணீர் குடிக்காமல் கிடந்து தலைவலியை வரவழைத்துக்கொள்கிறார்கள். நின்றபடியே போக உதவும் புனல் ஒன்று விற்கிறது. அதை வாங்கி வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். முதல் முயற்சிகள் வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் என் தயாரிப்பில் இதைவிடப் பயன்பட்டது வேறெதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை. மாதவிலக்குத் தேதியையும் பயணத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் குழுவையே தேர்ந்தெடுத்தேன்.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரையை டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார், காலை மாலை 125 மில்லிகிராம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கேட்டார். அது சிறுநீரகத்தின் வேலையை விரைவுபடுத்தி மூச்சைத் தூண்டும். விரல்நுனியில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், பயப்படாதீர்கள் என்றார். இந்த ஊசிக்குத்தலை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வரும்.

லேயில் இறங்கியதும் சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் வேலை. கடைத்தெருவுக்கு ஒருமுறை நடந்துவிட்டு வந்து படுத்தேன். நெற்றியில் கயிறு கட்டி இறுக்குவதுபோல் வலி. வழிகாட்டி லடாக்கி, முப்பதைத் தொடும் வயது, இந்தியில் பேசுவார். என் இந்தி வங்கித் தேர்வோடு நின்ற இந்தி. ஆனால் எண் சொல்ல அது போதும்.

"தீதி, சிர் தர்த்?" தலைவலி எத்தனை என்று கேட்டார்.

"ஏக்" (ஒன்று) என்று வாய்வரை வந்தது. "தோ" (இரண்டு) என்றேன்.

அவர் நோட்டில் எழுதிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அவ்வளவுதான். யாரும் கண்கலங்கவில்லை, யாரும் என் வேலையை எடுத்துச் செய்யவில்லை. எண்ணை எண்ணாகவே வாங்கிக்கொள்ளும் ஒரு மனிதரிடம் வலியைச் சொல்வது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் காலை ஒன்று, மாலை பூஜ்யம்.

மார்க்கா பள்ளத்தாக்கில் நடை. ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர், தாச்சுங்ட்சே என்று ஊரும் முகாமுமாகக் கடந்து, சுமார் 4,800 மீட்டரில் இருக்கும் நிமலிங் மேய்ச்சல் வெளிக்கு வந்தோம். குழுவில் ஓட்டப்பந்தயக்காரத் தம்பி ஒருவன் இருந்தான், இனிமையான பையன். எல்லா இரவும் எல்லாக் கேள்விக்கும் "ஜீரோ" என்பான். நிமலிங்கில் அவன் கூடாரத்துக்குப் பின்னால் வாந்தி எடுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுவதைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும், "அக்கா, சொல்லிடாதீங்க" என்றான். அவன் போட்டிருந்த லீவும் கட்டியிருந்த பணமும் எனக்குத் தெரியும். அந்தக் குரலும் தெரியும், அது என்னுடையது. வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். அவனைத் தரையில் ஒரு கோட்டின்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னார்கள். மூளையில் வீக்கம் இருந்தால் அப்படி நடக்க முடியாது. நடந்துவிட்டான். ஆனாலும் மறுநாள் கீழே அனுப்பினார்கள். அவன் என்னிடம் பேசாமலே போனான். அதற்குமேல் அவனைப் பற்றி எதுவும் தெரியாது.

சுமார் 5,100 மீட்டரில் அடிவார முகாம். பனிச்சரிவில் வழுக்கினால் ஐஸ் ஆக்ஸைக் குத்திக் குப்புற விழுந்து நிற்பது, கிராம்பான் பற்களெல்லாம் பதிய நடப்பது, கயிற்றில் கோத்துக்கொண்டு ஒரே சீராகப் போவது எல்லாவற்றையும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உறைவது மேற்பரப்பிலிருந்து தொடங்குவதால் அப்போதுதான் மூடிப்பக்கம் அடைக்காது. வெயில் ஏறினால் பனி இளகும் என்பதால் நள்ளிரவில் புறப்பாடு.

ஏறினேன். ஒரு அடி, பூட்டு, மூச்சு. இருட்டில் தலைவிளக்கு வெளிச்சம் விழும் வட்டத்துக்கு அப்பால் மலை என்று எதுவும் இல்லை. 5,700-ஐத் தாண்டிய ஓரிடத்தில், இடது பாதத்தில் ஊசிக்குத்தல் நின்றுவிட்டதைக் கவனித்தேன். அதுவரை மாத்திரை தயவில் பத்து விரலும் குறுகுறுத்துக்கொண்டே இருந்தன. இப்போது வலது காலில் இருக்கிறது, இடது காலில் இல்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. வலி இல்லாமல் போவதைப் பற்றி யாராவது புகார் சொல்வார்களா? சொல்லாமல் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன், எவ்வளவு என்று தெரியாது. பிறகு கயிற்றை இழுத்து நிறுத்தி, "இடது கால் விரல் தெரியலை" என்று இந்தியும் தமிழுமாகச் சொன்னேன்.

வழிகாட்டி ஒரு சமதளம் பார்த்து உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றினார். விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. தேய்க்கவில்லை, தேய்த்தால் தோல் சிதையும். தன் ஜாக்கெட்டைத் தூக்கி என் பாதத்தைத் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டார். அவருக்கு எவ்வளவு குளிர்ந்திருக்கும்! வெகுநேரம் கழித்து உணர்வு வந்தது. வரும்போது நெருப்பை மிதித்ததுபோல் வந்தது. பூட்ஸ் சிறியது என்று அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. லேயில் இரண்டு காலுறையோடு போட்டுப் பார்த்தபோது கச்சிதமாகத்தான் இருந்தது. உயரத்தில் கால் வீங்கியதும் அந்தக் கச்சிதமே ரத்தத்தை மறித்துவிட்டது.

"தீதி, நீச்சே" என்றார். மீதி இருப்பது மணிக்கணக்கான ஏற்றம், அதே பூட்ஸ். மற்றவர்கள் இரண்டாவது வழிகாட்டியோடு மேலே போனார்கள். நாங்கள் இறங்கினோம்.

உச்சிக்குப் போனவர்கள் மத்தியானத்துக்குள் முகாமுக்கு வந்து படங்களைக் காட்டினார்கள். நான் நன்றாகச் சிரித்தேன். மாலையில் கோங்மாரு லா கணவாயைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்து அழுதேன். விரல் பத்தும் பத்திரமாக இருக்கின்றன, ஒரு நகம் மட்டும் பிறகு கறுத்து விழுந்தது. சொன்னது சரிதான் என்று கேட்பவர்கள் அத்தனை பேரும் சொல்கிறார்கள், டாக்டரம்மா கட்டிப்பிடித்தே சொன்னார். எனக்கும் தெரியும். இருந்தாலும் சில ராத்திரி, வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் உச்சியில் நின்றிருப்பேனே என்று தோன்றுகிறது. ஒரு விரலுக்கு ஆறாயிரம் மீட்டர், மோசமான பேரமா என்றுகூட யோசித்திருக்கிறேன். அந்தத் தம்பியின் கோபம் எனக்கு இப்போது இன்னும் நன்றாகப் புரிகிறது.

போன மாதம் அதே வழிகாட்டிக்குப் போன் போட்டேன். ஆகஸ்டில் ஒரு குழு போகிறது, இடம் இருக்கிறது என்றார். பூட்ஸ் பேச்சை அவரே எடுத்தார்: சாயங்காலத்தில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில் வந்து போட்டுப் பாருங்கள், உள்ளே விரலை மடக்கி விரிக்க இடம் இருக்க வேண்டும். போனமுறை 39. இந்த முறை 41 எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெரிதாக இருந்தால் இன்னொரு காலுறை போட்டுக்கொள்ளலாம். பாதிப் பணம் கட்டியாகிவிட்டது, இரும்பு மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று. மாமியாரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.